முதலில் அந்தக் கால்களைத் தேடுங்கள்

பதினாறாம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர் பீட்டர் ப்ரூகலின் இகாரஸ் ஓவியத்தை அச்சுப்படமாக இரண்டு முறை வாங்கியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். முதலாவது சுருட்டியபடியே அலமாரிக்கு மேல் கிடக்கிறது, இரண்டாவது மேசைக்கு எதிரே சுவரில் தொங்குகிறது. இரண்டாவதுக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். முதலாவதுக்கு மதிப்பெண் போடவே மனசில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிரேக்கப் புராணத்தில் டேடலஸ் என்ற கைவினைஞன், கிரீட் தீவின் மன்னன் மினோஸின் பிடியிலிருந்து தப்பிக்க, இறகுகளை மெழுகால் ஒட்டித் தனக்கும் மகனுக்கும் இறக்கை செய்கிறான். உயரே போகாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் மகன் இகாரஸ் சூரியன் பக்கம் ஏறிப்போய், மெழுகு உருகி, கடலில் விழுந்து சாகிறான். இதை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள், பெரும்பாலும் இறக்கையும் உடம்புமாக அவனை நடுவில் வைத்து. இந்தப் படத்திலோ அவனுடைய இரண்டு கால்கள்தான் மிச்சம். வலது பக்கம் கீழே, கப்பலுக்கு முன்னால், தண்ணீருக்கு வெளியே உதைத்துக்கொண்டிருக்கும் வெளிறிய கால்கள். முன்னால் பெரிதாகத் தெரிபவன் சிவப்புச் சட்டைக் கையோடு ஏர் ஓட்டுகிற ஒரு உழவன் (மாடில்லை, குதிரை பூட்டிய ஏர்).

அதனால் இந்தப் படத்தின் அச்சு தேறுமா தேறாதா என்று அந்தக் கால்களை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் வாங்கியதில் உழவனின் சிவப்புக் கை தீப்பிடித்த மாதிரி இருந்தது, கடல் நீச்சல் குளம் மாதிரி, கால்களோ நுரையோடு நுரையாக ஒரு வெள்ளைத் தீற்றல். சின்ன டிஜிட்டல் படக்கோப்பு ஒன்றை இழுத்துப் பெரிதாக்கி, நிறத்தையும் தூக்கிவிட்டு அடித்திருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கேட்டதற்கு, படமே அப்படித்தான் என்று பதில் வந்தது. ஓவியத்துக்குள் யாரும் இகாரஸைக் கவனிக்கவில்லை, அச்சடித்தவரும் கவனிக்கவில்லை, சரி, ஒரு விதத்தில் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை கொஞ்சம் கணக்குப் போட்டேன். மூல ஓவியம் பிரஸ்ஸல்ஸில், பெல்ஜிய அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 73.5 செ.மீ., அகலம் 112 செ.மீ., அதாவது உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். 60-க்கு 90 என்ற அளவில் ஏறக்குறைய முழுப் படமும் உட்காரும். 50-க்கு 70 வாங்கினால், ஒன்று மேலும் கீழும் வெள்ளைப் பட்டை வரும், இல்லையென்றால் பக்கவாட்டில் வெட்டுவார்கள். கேன்வாஸில் அடித்துச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டுவது இன்னும் மோசம், ஓரங்களில் சில சென்டிமீட்டர் பக்கவாட்டுக்கு மடிந்துபோய்விடும், இந்தப் படத்தில் ஓரத்தில் இருப்பவைதான் விஷயமே. அப்புறம் கோப்பின் அளவு: 90 செ.மீ. அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் அகலவாக்கில் 10,600 பிக்சலாவது இருக்க வேண்டும், 150 புள்ளி என்றால் 5,300 போதும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 150 தாராளம் என்பார்கள், ஆனால் இதைப் பார்க்க வருகிற எவரும் கால்களைத் தேடி மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

வந்த அச்சு பருத்தித் தாளில், பளபளப்பில்லாமல், நிறமி மையில் அடித்தது. குழாய்க்குள் சுருண்டு வந்ததை இரண்டு நாள் மெல்லிய தாளுக்கு நடுவே வைத்து மேலே புத்தகம் அடுக்கினேன், படிந்துவிட்டது. எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மை வெடிக்கும்.

சரி, கால்கள் தெரிகின்றனவா? தெரிகின்றன. சுற்றித் தெறிக்கும் நீரும், காற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் சில இறகுகளும்கூட. அருகே கரையில் தூண்டில் போடுகிறவன், அவன் பக்கத்தில் கிளையில் ஒரு கவுதாரி. முதல் அச்சில் அந்தப் பறவை வெறும் பழுப்புக் கறை. அது சும்மா உட்கார்ந்திருக்கிற பறவை இல்லை. டேடலஸ் பொறாமையில் தன் சகோதரி மகனை உயரத்திலிருந்து தள்ளிவிட்டானாம், தேவி அவனைக் கவுதாரியாக்கிக் காப்பாற்றினாளாம், இகாரஸைப் புதைக்கும்போது அந்தப் பறவை சிறகடித்துக் குதூகலித்ததாம். இது ரோமக் கவிஞர் ஓவிட் சொல்வது. உழவன், மேய்ப்பன், தூண்டில்காரன் மூவரும் அவரிடமிருந்து வந்தவர்கள்தான், ஆனால் அவர் கவிதையில் அவர்கள் பறப்பவர்களைப் பார்த்து, தெய்வங்களோ என்று வாய்பிளக்கிறார்கள். இங்கே உழவன் மண்ணைப் பார்க்கிறான், தூண்டில்காரன் தண்ணீரைப் பார்க்கிறான், மேய்ப்பன் மட்டும் அண்ணாந்து நிற்கிறான், அங்கே வானம் காலி.

அந்தக் காலி வானத்துக்கு ஒரு விடை உண்டு. அதே நகரில் வான் பூரன் அருங்காட்சியகத்தில் இதே காட்சியின் இன்னொரு வடிவம் இருக்கிறது, அதில் டேடலஸ் மேலே பறக்கிறான். வாங்கும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவன் இல்லாத வடிவம்தான் பிடிக்கிறது.

நிழல் பகுதிகளில்தான் இந்த அச்சு லேசாகச் சறுக்குகிறது. இடது பக்கம், வயலுக்கு அப்பால் புதருக்குள் ஒரு பிணத்தின் வெளிறிய தலை உண்டு. சாகிறவனுக்காக ஏர் நிற்காது என்று ப்ரூகல் வாழ்ந்த பக்கத்துப் பழமொழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் வரைந்திருக்கிறார் என்பார்கள். பகல் வெளிச்சத்தில் அந்தத் தலை தெரிகிறது, மாலை விளக்கில் புதரோடு கரைந்துவிடுகிறது. வெயில் நேராகப் படாத, ஆனால் வெளிச்சமான சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.

பிடித்துக்கொண்ட ஒரு மதிப்பெண் இதற்கில்லை, பெயர் போட்டதற்கு. கீழே வெள்ளை ஓரத்தில் ஓவியர் பெயரையும் ஆண்டையும் கொட்டை எழுத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள், அதுவும் சந்தேகமே இல்லாத தொனியில். பிரஸ்ஸல்ஸில் இருப்பதே ப்ரூகலின் தொலைந்துபோன மூலத்தைப் பார்த்து வேறொருவர் வரைந்த பிரதி என்பதுதான் இன்று பரவலான கருத்து. பிரதியின் பிரதிக்கு இவ்வளவு பெரிய கையெழுத்தா? சட்டம் போடும்போது மவுண்ட் அட்டையை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேன், மறைந்துவிட்டது.