சட்டை விலை 400, பார்வைக்கு 2,000: சென்னையின் ஆல்டரேஷன் கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் மார்க்

ரங்கநாதன் தெருவிலோ வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ 400 ரூபாய்க்கு வாங்கிய சட்டையையும், ஷோரூமில் 2,000 கொடுத்து வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். துணியின் தரம் அந்தத் தூரத்தில் பிடிபடாது. கண்ணில் படுவது தோள் தையல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, கை எங்கே முடிகிறது, காலர் நிற்கிறதா படுத்துவிட்டதா என்பதுதான். தோளை வாங்கும்போதே பார்த்து எடுக்க வேண்டும். மற்றவற்றைத் தையல் மாஸ்டரும் இஸ்திரிக்காரரும் சேர்ந்து சுமார் 150 ரூபாயில் சரிசெய்துவிடலாம், நாம் சரியாகச் சொன்னால்.

முதலில் ஆல்டரேஷன் கடை. சென்னையில் இது மூன்று விதம். தி.நகரின் பெரிய கடைகளை ஒட்டிய சந்துகளில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் முதல் வகை. பேன்ட் அடி மடிக்க இருபது நிமிஷம். பையோடு நின்றே வாங்கிக்கொண்டு போகலாம். வேகத்துக்கு முழு மார்க். ஆனால் போட்டுப் பார்க்க இடம் கிடையாது, கையில் இருக்கும் நூலும் ஏழெட்டு கலர்தான். நேவி புளூ பேன்ட்டுக்குக் கறுப்பு நூல் ஓட்டிக் கொடுத்தால் கேட்க முடியாது. இரண்டாவது, துணிக்கடைகளே வைத்திருக்கும் மாஸ்டர். பேன்ட் நீளத்துக்கு மட்டும் இவர்களை நம்பலாம். மூன்றாவது, மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், பெரம்பூர் மாதிரி குடியிருப்புப் பகுதிகளில் ஒற்றை ஷட்டர் கடையில் இருப்பவர்கள். இரண்டு நாள் ஆகும், ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். சட்டை, குர்தி, பிளவுஸ் எதுவானாலும் இவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கூலி ஏரியாவுக்கு ஏரியா மாறும். பேன்ட் நீளத்துக்கு 50 முதல் 100, சட்டை சைடு பிடிக்க 80 முதல் 150 என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டையை எடுத்துக்கொள்வோம். தோள் தையல் தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அரை இஞ்ச் கீழே இறங்கினால் பரவாயில்லை. ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கினால் அந்தச் சட்டையை வாங்காதீர்கள். தோளைக் குறைக்க வேண்டுமானால் கையை முழுதாகப் பிரித்து, கைக்குழியைத் திரும்ப வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு மாஸ்டர் கேட்கும் கூலிக்கு இன்னொரு சட்டை வாங்கிவிடலாம். கூலிக்குக் கஞ்சப்பட்டு அரைகுறையாகச் செய்தால் கை முன்பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

தோள் சரியாக இருந்து, உடம்பு மட்டும் கூடாரம் மாதிரி இருந்தால் சைடு பிடிக்கலாம். இங்கேதான் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத் தையலை அரை இஞ்ச் உள்ளே தள்ளினால் முன்துணியில் அரை, பின்துணியில் அரை என்று ஒரு இஞ்ச் போகும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் 2 இஞ்ச் போய்விடும். ‘ரெண்டு இஞ்ச் புடிங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், மாஸ்டர் ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்புறம் சட்டை 8 இஞ்ச் குறுகி, பொத்தானுக்கு நடுவே வாய் பிளக்கும். ‘மொத்தச் சுத்தளவுல ரெண்டு’ என்று சொல்லிவிட்டு, போட்டுக்கொண்டே குண்டூசி குத்தச் சொல்லுங்கள். பொத்தான் போட்ட நிலையில் இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி கையில் பிடிபட்டால் போதும். நம் ஊர் வெயிலுக்குக் காற்று போக இடம் வேண்டும்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. கைக்குழியிலிருந்து கீழே மட்டும் பிடித்துவிட்டு, கையை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது அக்குளில் துணி திரண்டு இழுக்கும். கை விளிம்பில் ஆரம்பித்து, அக்குளைத் தாண்டி, சட்டை அடிவரை ஒரே ஓட்டமாகத் தையல் போக வேண்டும். ‘மாஸ்டர், கைலேருந்து கீழ வரைக்கும் ஒரே தையலா புடிங்க, ஓவர்லாக் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன்’ என்று சொன்னாலே அவர் உங்களை விஷயம் தெரிந்தவர் என்று தனியாகக் கவனிப்பார். ஓவர்லாக் என்பது துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்; அதை அடிக்கும்போது மிச்சத் துணியை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு பிரிக்க ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் நூலோட்டம் மட்டும் போடச் சொல்லிப் பார்ப்பது நல்லது. சுற்றளவில் 3 இஞ்சுக்கு மேல் குறைக்க வேண்டி வந்தால் பாக்கெட் அக்குள் பக்கமாக நகர்ந்த மாதிரி தெரியும். அந்தச் சட்டைக்குக் கீழ் சைஸ்தான் மருந்து.

அரைக்கைச் சட்டைதான் சென்னையின் அன்றாட உடை, அதில் விலை குறைவைக் காட்டிக்கொடுப்பது கையின் அகலம். முழங்கை வரை இறங்கி, மணி மாதிரி விரிந்து நிற்கும் கை, எவ்வளவு நல்ல துணியானாலும் யூனிஃபார்ம் போலத்தான் தெரியும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அல்லது அதிலிருந்து ஒரு இஞ்ச் கீழே கை முடியட்டும். உள்ளே இரண்டு விரல் தாராளமாகப் போகும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். வேறு எதற்கும் காசு இல்லை என்றால் இந்த ஒன்றை மட்டும் செய்யலாம். முழுக்கை என்றால் மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். கஃபைப் பிரித்து மேலே ஏற்றும்போது ஒன்றரை இஞ்ச் வரை சரி. அதற்கு மேல் போனால் கைத் திறப்புப் பட்டி குட்டையாகிவிடும், மடித்துவிட முடியாது. சட்டையை வெளியே விட்டுப் போடுபவர்களுக்கு அடி விளிம்பு பேன்ட்டின் பின்பாக்கெட் பாதி வரை வந்தால் போதும். பாக்கெட்டே மறைந்தால் ஆள் குட்டையாகத் தெரிவார்.

பேன்ட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: துவைக்காத காட்டன் பேன்ட்டை வெட்டக் கொடுக்காதீர்கள். காட்டன் முதல் துவைப்பில் 3 சதவீதம் சுருங்கினால்கூட, 40 இஞ்ச் நீள பேன்ட்டில் ஒரு இஞ்சுக்கு மேல் காலி. கணுக்கால் தெரிய நின்ற பிறகு மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை. ஒரு தடவை நனைத்து, காயவைத்து, வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு போய் அளவு கொடுங்கள். ஃபார்மல் பேன்ட்டுக்கு அடியில் மெஷின் தையல் வெளியே தெரியக் கூடாது, கையால் ஹெம்மிங் செய்யச் சொல்லுங்கள். கூட இருபது ரூபாய் கேட்டாலும் கொடுக்கலாம். ஜீன்ஸுக்கு நேர் எதிர். பழைய அடிப்பட்டியை வெட்டி எடுத்து, நீளம் குறைத்த பிறகு அதையே திரும்ப ஒட்டித் தைக்கச் சொல்ல வேண்டும். வெளுத்த அந்த விளிம்புதான் ஜீன்ஸுக்கு அழகு.

குர்திக்கும் இதே நியாயம்தான். தோள் பார்த்து வாங்கு, சைடு பிடி. கூடுதலாக ஒன்று: சைடு பிடித்த பிறகு ஓபன் (பக்கவாட்டுத் திறப்பு) ஆரம்பிக்கும் இடத்தில் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டி ஒரு பூட்டுத் தையல் போடவில்லை என்றால், பஸ் ஏறிய முதல் நாளே அங்கே கிழியும். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பதில் கடைக்காரர்கள் தவிர்க்கும் வேலை ஃபால்ஸ் துணியை நனைப்பது. நனைக்காமல் வைத்த காட்டன் ஃபால்ஸ், புடவையைத் துவைத்ததும் சுருங்கி அடி விளிம்பைச் சுருக்குப்பை மாதிரி இழுக்கும். ஃபால்ஸை நீங்களே வாங்கி, நனைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மடிப்பு எடுத்து, பெட்டி மடிப்பாகக் கொடுக்கும் சேவைகள் இப்போது ஏரியாவுக்கு ஒன்று வந்துவிட்டன. பட்டுக்குச் சரி, தினசரி காட்டன் புடவைக்குக் காசு வீண்.

ஆல்டரேஷன் கடைக்கு மொத்தத்தில் பத்துக்கு எட்டு. கழித்த இரண்டும் நூல் கலருக்கும், ‘நாளைக்கு வாங்க’ என்ற சொல்லுக்கும்.

இஸ்திரி வண்டிக்கு வருவோம். தெருமுனை மரத்தடியில் நிற்கும் இந்தச் சேவைக்கு உருப்படிக்கு 10 முதல் 20 ரூபாய் ஆகிறது. கரிப்பெட்டியின் கனம்தான் அதன் பலம். ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும் பெட்டி தடித்த காட்டனை அழுத்துவதுபோல் வீட்டு மின்பெட்டி அழுத்தாது. பலவீனம், நெருப்புப் பொறியும் சாம்பலும். வெள்ளைச் சட்டையில் குண்டூசி முனை அளவில் பழுப்பு ஓட்டை விழுந்தால் காரணம் அதுதான். சில வண்டிகள் இப்போது கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டன. பொறி விழாது, சூடும் ஒரே சீராக இருக்கும். உங்கள் தெருவில் இரண்டும் இருந்தால் வெள்ளையையும் வெளிர் நிறத்தையும் கேஸ் பெட்டிக்காரரிடம் கொடுங்கள்.

இஸ்திரியில் கெடுவது பெரும்பாலும் அடுக்கும்போது. சுடச்சுட மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், துணியில் இருக்கும் ஈரமும் சூடும் மடிப்புகளை அப்படியே பதிய வைத்துவிடும். அப்புறம் சட்டை போட்டால் மார்பில் சதுரம் சதுரமாகக் கோடு. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் காட்டன் சட்டென்று தளர்ந்துவிடும் என்பதால், சூடு ஆறும்வரை மாட்டி வைப்பது அவசியம். ‘அண்ணா, சட்டைய மட்டும் மடிக்க வேணாம், ஹாங்கர்ல போட்டுக் குடுங்க’ என்று சொல்லி, ஐந்து ஹாங்கரைத் துணியோடு கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

காலரைப் பார்த்தாலே போட்டவரின் கைப்பக்குவம் தெரியும். முதலில் காலரின் அடிப்பக்கம், அப்புறம் மேல்பக்கம். இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி. நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் சுருக்கம் மொத்தமும் முனையில் போய்ச் சேரும், எல்லாரும் பார்ப்பது அந்த முனையைத்தான். விலை குறைந்த சட்டைகளில் காலருக்குள் ஒட்டியிருக்கும் பேஸ்டிங் என்ற விறைப்புத் துணி அதிகச் சூட்டில் பிரிந்து கொப்பளம் கட்டும். கட்டிவிட்டால் சரிசெய்ய முடியாது. அந்தச் சட்டைகளின் காலரை மட்டும் நடுத்தரச் சூட்டில், மேலே ஈரத்துணி போட்டு வீட்டிலேயே தேய்த்துவிடுவது புத்திசாலித்தனம். கறுப்பு, நேவி பாலியஸ்டர் கலந்த பேன்ட்டுகளைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். நேராகச் சூடு பட்டால் தொடையிலும் பாக்கெட் விளிம்பிலும் பளபளவென்று மினுங்கும், அந்த மினுக்கு ஐந்து வருஷப் பழைய பேன்ட் என்று சொல்லிவிடும். இஸ்திரி வண்டிக்கு ஏழு. டி-ஷர்ட்டை இழுத்துத் தேய்த்துக் கழுத்தை அலை அலையாக்குவதற்கு ஒன்று குறைத்து ஆறு.

கைக்கு அடக்கமான ஸ்டீமர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ரேயான் குர்தி, ஜார்ஜெட், ஷிஃபான் துப்பட்டா போடுபவர்களுக்கு வாங்கலாம். மாட்டியபடியே இரண்டு நிமிஷத்தில் சுருக்கம் போகும். காட்டன் சட்டை, பேன்ட் கோடு, காலர் எதற்கும் உதவாது, ஏனென்றால் அதில் அழுத்தம் கிடையாது. போர் தண்ணி ஊற்றினால் சில மாதங்களில் உப்பு அடைத்து, வெள்ளைத் திட்டாகத் துணியில் துப்பும். ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

போர் தண்ணியின் வேலை அதோடு நிற்காது. வெள்ளையைச் சாம்பலாக்குவதும் துணியை முரடாக்குவதும் பெரும்பாலும் அதுதான். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் படிவாக ஒட்டிக்கொள்கிறது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மெட்ரோ தண்ணீர் ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும். சொட்டு நீலம் போடுபவர்கள் முதலில் வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டுத் துணியை முக்க வேண்டும். துணிமேல் நேராகச் சொட்டினால் அந்தத் திட்டு லேசில் போகாது. காட்டனுக்குக் கஞ்சி போடுவதென்றால் வடித்த கஞ்சியை வடிகட்டி, நாலு பங்கு தண்ணீர் சேர்த்து, துணியை அதில் முக்கி, பாதி ஈரத்தில் இஸ்திரி போட வேண்டும். கறுப்புத் துணிக்குக் கஞ்சி வேண்டாம், வெள்ளைப் பொருக்கு தெரியும். கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால் பூச்சி அரிக்கும், மடிப்பில் நூல் விடும்.

மிச்சமிருப்பது சில்லறைச் செலவு. விலை குறைந்த சட்டையின் மெல்லிய, பளபளப்பான பிளாஸ்டிக் பொத்தானை மாற்றி, நாலு துளை உள்ள கெட்டியான மேட் பொத்தான் வைக்கலாம். முன்பக்கத்துக்கு 18 லைன், அதாவது கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர். பழைய பொத்தானைக் கையில் கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் பெரிதாகப் போனாலும் காஜாவில் நுழையாது. தொங்கும் நூல் பிசிறைக் கையால் இழுக்காமல் கத்தரியால் வெட்ட வேண்டும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் பளிச்சென்று தெரியும். சந்தனத்தையொத்த தோல் நிற பனியன் தெரியாது. வெளிர் சாம்பல் நிறத்தில் வியர்வை மேப் போட்டுக் காட்டும், நேவியிலும் வெள்ளையிலும் அவ்வளவாகக் காட்டாது. மின்சார ரயிலில் ஆபீஸ் போகிறவர்கள் சட்டை எடுக்கும்போது இதை யோசிக்கலாம்.

ஆடித் தள்ளுபடியில் அள்ளியதை ஆவணியிலேயே ஆல்டரேஷனுக்குக் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளில் எந்த மாஸ்டரும் போட்டுப் பார்க்கச் சொல்ல மாட்டார், நூல் கலர் பார்க்க அவருக்கு நேரமும் இருக்காது.