லம்ஸ்டனின் எச்சிங் கையேடு: வாங்கலாமா?

பழைய புத்தகக் கடையில் இ. எஸ். லம்ஸ்டனின் ‘எச்சிங் கலை’ மறுபதிப்பைப் பாதி விலைக்குத் தருகிறார்கள், வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். எச்சிங் என்பது மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் வரைந்து, அந்தக் கோடுகளை அமிலத்தால் அரித்து, மை தடவி, பிரஸ்ஸில் அழுத்தித் தாளில் அச்செடுக்கும் கலை. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பல வருடங்களாக என் பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் புத்தகம் அது. மை படிந்து அட்டையில் தலைப்பே மறைந்துவிட்டது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, கோபமும் உண்டு.

கோபமெல்லாம் படங்கள் மீதுதான். எச்சிங்கில் மை தாளின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தகட்டில் அமிலம் அரித்த பள்ளத்தில் மை இறங்கி உட்கார்ந்திருக்கும். பிரஸ்ஸின் உருளை அழுத்தும்போது ஈரத் தாள் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து மையை அள்ளிக்கொண்டு வரும். காய்ந்த அச்சை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கோடு மேடாகத் தட்டுப்படும். என்னிடம் இருக்கும் மறுபதிப்பின் படங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு எங்கும் இல்லை, வெறும் புள்ளிகள்! கோட்டைப் பற்றியே பேசும் புத்தகத்தில் இதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டிரைபாயின்ட் படங்களின் கதி இன்னும் மோசம். அதில் அமிலமே கிடையாது. ஊசி செம்பைக் கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொள்ளும், அந்த அடர்ந்த கருமை அங்கிருந்துதான் வருகிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் செய்த ‘மூன்று சிலுவைகள்’ இப்படிப்பட்ட கோடுகளை நம்பி நிற்கும் படம். அழுத்த அழுத்தப் பிசிறு நசுங்கிவிடும் என்பதால் முதலில் எடுத்த பிரதிக்கும் பின்னால் எடுத்ததற்கும் முகமே வேறு. அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879–80இல் வெனிஸில் செய்த தகடுகளில் மையை முழுவதும் துடைக்காமல் மெல்லிய படலமாக விட்டு அச்சிட்டார். ஒரே தகட்டில் ஒரு பிரதி விடியல் என்றால் இன்னொன்று இருட்டு. கண்ணால் கண்டு கற்க வேண்டிய இந்த நுணுக்கமெல்லாம் மறுபதிப்பில் ஒரே சாம்பல் பூச்சாகிவிடுகிறது.

ஆனால் எழுத்து அப்படியல்ல. 1925இல் வந்த புத்தகம் இது. லம்ஸ்டன் எடின்பரோ கலைக் கல்லூரியில் கற்பித்தவர். இந்தியாவுக்கு வந்து காசிப் படித்துறைகளைச் செப்புத் தகட்டில் வரைந்தவர். கையில் மை பட்டவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நைட்ரிக் அமிலம் குமிழியிட்டு, கோட்டைப் பக்கவாட்டிலும் அகலப்படுத்திக்கொண்டே போகும். குமிழிகளை இறகால் விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தகட்டை அரிக்க உதவும் இன்னொரு கரைசலான டச்சுக் கலவை என்பது பொட்டாசியம் குளோரேட் 2 பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10, தண்ணீர் 88. அது குமிழியில்லாமல் நிதானமாக நேர் கீழே இறங்கும். இரண்டில் எதை எப்போது எடுப்பது என்ற தெளிவு எனக்கு இந்தப் புத்தகத்தில்தான் கிடைத்தது. அதோடு அக்காலத்து எச்சிங் கலைஞர்கள் பலர் தாங்கள் வேலை செய்யும் விதத்தைத் தாங்களே சொல்லும் குறிப்புகளும் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு எத்தனை விலை கொடுத்தாலும் தகும்.

ஒரு எச்சரிக்கை. டச்சுக் கலவையைக் கலக்கும்போது குளோரின் வாயு எழும், மூடிய அறையில் வைத்துச் செய்யவே கூடாது. நான் இப்போது தகட்டை அரிக்க ஃபெரிக் குளோரைடு கரைசலைத்தான் பயன்படுத்துகிறேன். நம் ஊர் வெயிலில் எந்தக் கரைசலும் வேகமாக அரிக்கும், தகட்டை அமிலத்திலிருந்து காக்கும் தேன்மெழுகுப் பூச்சும் இளகும். எடின்பரோ குளிரில் வேலை செய்தவரின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு துண்டுத் தகட்டில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நண்பருக்கு என் பதில்: இப்போது வாங்க வேண்டாம். இன்னும் ஒரு நல்ல எச்சிங்கைக் கையில் எடுத்துப் பார்க்காதவர் நீங்கள். இந்தப் படங்களைப் பார்த்து, இதுதான் எச்சிங் என்று உங்கள் கண் பழகிவிடக் கூடாது. அந்தப் பணத்துக்கு ஒரு செப்புத் தகடும் ஊசியும் வாங்குங்கள். பிரஸ் இருக்கும் இடத்துக்குப் போய், பிறர் அச்செடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சந்தேகம் வந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து படிக்கலாம். என் பிரதியை மட்டும் இரவல் தர மாட்டேன், அது இல்லாமல் என் வேலை ஓடாது.