கொலுசு போட்டோவுக்கு இந்த போன் கேமரா எப்படி? ரொம்ப நாள் யூஸ் பண்ணினதுல சொல்றேன்

விலை குறைஞ்சிருக்கே, நீங்க வச்சிருக்கற போனையே வாங்கலாமான்னு மச்சான் கேட்டாரு. அவருக்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளி வேலைதான், அதனால 50 மெகாபிக்சல் கதையெல்லாம் விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வரேன்.

கொலுசோட திருகாணி, எனாமல், சலங்கை கோர்த்திருக்கறது இதெல்லாம் தெளிவா தெரிஞ்சாதான் வியாபாரி ஆர்டர் போடுவாரு. மெயின் கேமராவுல சென்சார், அதான் வெளிச்சத்த படமா மாத்தற சில்லு, பெருசு, ஒரு ஜாணுக்குள்ள போனா ஃபோகஸ் ஆகாது. அது சரி, ஒத்துக்கறேன். ஆனா கிட்ட போன உடனே நம்மள கேக்காம அதுவா அகலமா எடுக்கற அல்ட்ரா வைடு லென்ஸுக்கு தாவிடுது பாருங்க, அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. வெள்ளி நீலமா ஆயிடும், ஓரத்துல இருக்கற சலங்கை இழுத்த மாதிரி கோணிக்கும், போனோட நிழலே சரக்கு மேல விழும். செட்டிங்ஸ்ல இப்படி கிட்ட போனா லென்ஸ் மாத்தற மேக்ரோவ ஆஃப் பண்ணினா கேமராவ மூடி திறந்ததும் திரும்ப ஆன் ஆயிருக்கு, அப்டேட் வந்தும் இது சரியாகல. பட்டறையில நாளெல்லாம் இதே ரோதனை. இப்போ தள்ளி நின்னு 2x ஜூம் வச்சு எடுக்கறேன், அது மெயின் கேமரா சென்சாரோட நடுப்பகுதிய மட்டும் எடுத்துக்கறதால நிறம் மாறாம வருது.

இன்னொன்னு, எல்இடி லைட்டுக்கு கீழ வீடியோ எடுத்தா கோடு கோடா ஓடும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், நாமளே செட்டிங் வைக்கற ப்ரோ மோடுல ஷட்டர் வேகத்த 1/50 இல்லன்னா 1/100 செகண்டுன்னு வச்சா கோடு போயிடும்.

அதுக்காக கேமராவே மோசம்னு சொன்னா பாவம். ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுலயும் பஸ் ஜன்னல்லருந்து எடுத்த வீடியோ ஆடவே இல்ல, பனி மூடின காப்பித் தோட்டமெல்லாம் கண்ணால பாத்த மாதிரியே இருந்துச்சு. ராத்திரி ஏற்காட்டுல லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நின்னு சேலம் டவுன் லைட்ட நைட் மோடுல எடுத்தேன், அது பல ஃப்ரேம எடுத்து ஒண்ணா சேக்கறதால இருட்டுல புள்ளி புள்ளியா வரல, எங்க அம்மா அதத்தான் பிரிண்ட் போட்டு மாட்டச் சொல்லிருக்காங்க.

இவ்ளோ சொல்லியும் மச்சான், வாங்க வேண்டாம்னுதான் சொல்வேன். சோறு போடற வேலையில தினமும் எரிச்சல் குடுக்கற போன் நமக்கு எதுக்கு? எது வாங்கினாலும் கடையில டெமோ போன்ல கை மோதிரத்த கிட்ட வச்சு பாருங்க, லென்ஸ் தாவும்போது நிறம் மாறுச்சுன்னா அடுத்த மாடல எடுத்து காட்டச் சொல்லுங்க.