கரைவலைப் 'பாடு' எந்த நிறம்? திருகோணமலைக் காணிகளை வகைப்படுத்த மூன்று வழிகள்

நிலாவெளி வீதியில் ஒரு காணியைக் காட்டி "இது என்ன காணி?" என்று கேட்டால், பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பிரதேச செயலகம் அரச காணியா, தனியார் உறுதிக் காணியா என்று பார்க்கும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை எந்த வலயம் என்று பார்க்கும். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அது உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் வருகிறதா என்பதுதான் கணக்கு. எல்லோருக்கும் பொதுவான வகைப் பெயர்கள் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த முறையில் பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி.

முதலாவது, பழைய அமெரிக்க முறை. வரைபடத்தில் ஒரு காணித் துண்டுக்கு ஒரு நிறம்: குடியிருப்பு மஞ்சள், வணிகம் சிவப்பு. 1926இல் யூக்லிட் என்ற ஊரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. வரைபடம் பார்க்க எளிது. ஆனால் முன்விறாந்தையில் இரண்டு தையல் மெஷின் போட்டுப் பிழைக்கும் வீடு எந்த நிறம்? இந்த முறையை அப்படியே பிடித்தால் அந்த வீடு சட்டத்துக்குப் புறம்பாகிவிடும்.

இரண்டாவது, ஜப்பான் முறை. நாடு முழுவதற்கும் 13 வலயங்கள்தான். எது எங்கே என்பதை நகரம் முடிவு செய்யும். வலயத்தை ஒரே பயன்பாட்டை வைத்துப் பிரிப்பதில்லை. அக்கம்பக்கத்துக்கு எவ்வளவு தொந்தரவு வரை பொறுக்கலாம் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். மிகக் கடுமையான தாழ்மாடிக் குடியிருப்பு வலயத்திலேயே வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு இடமுண்டு. வணிக வலயத்தில் வீடும் கட்டலாம். நம் தையல் வீடு தப்பிவிடும்.

மூன்றாவது, அமெரிக்கத் திட்டமிடலாளர் சங்கம் பின்னாளில் கொண்டுவந்த ஐந்து அடுக்கு முறை. ஒரு காணியில் என்ன நடக்கிறது, எந்தத் தொழிலைச் சேர்ந்தது, என்ன கட்டடம், நிலம் எந்த நிலையில் இருக்கிறது, யாருக்குச் சொந்தம் என்று ஐந்தையும் தனித்தனியே பதிவார்கள். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளை எடுங்கள். கட்டடம் தாங்கி, தொழில் எரிபொருள். ஆனால் பலவற்றைச் சுற்றி நெடுங்காலம் காடுதான் மண்டிக் கிடந்தது. ஒரு நிறத்தில் இது அடங்காது. சரி, நல்ல முறைதான். ஆனால் வீடுவீடாக ஐந்து பதிவு எடுத்து, அதை ஆண்டுதோறும் திருத்த ஆள் வேண்டுமே.

இனி உப்புவெளிக் கரைக்கு வருவோம். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கடல் அடங்கியதும் வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். அதே மாதங்களில்தான் கரைவலையும் இறங்கும். வலை இழுக்கும் துண்டை நம் ஆட்கள் 'பாடு' என்பார்கள். வரைபடத்தில் அது வெறும் மணல். வலை ஏறும்போது இரண்டு கயிற்றுக்கும் ஆட்கள் விலகி நின்று, பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பார்கள். அந்த நடைக்கே கரை வேண்டும். 'சுற்றுலா வலயம்' என்று ஒரு நிறம் பூசி, அதை நம்பி ஒருவர் மதில் கட்டினால் பாடு போய்விடும்.

ஆகவே என் தெரிவு: நகருக்குள் ஜப்பான் முறை, அதுவும் பத்துக்கு மேற்படாத வகைகளோடு. கரையோர 300 மீற்றருக்கு மட்டும் ஐந்து அடுக்குப் பதிவு. அங்கே வேலை அதிகம்தான், ஆனால் இடம் சிறியது. அதில் 'பாடு' ஒரு தனி வகையாக, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ற குறிப்போடு ஏற வேண்டும். அந்த மாதங்களை வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரிடமும் கயிறு இழுப்பவர்களிடமும் கேட்டுத்தான் எழுத வேண்டும்.