16,500 ரூபாய் கேபிளும் மடக்கி ஒட்டிய பச்சை ஒயரும்

வீட்டில் நல்ல ஆடியோ சிஸ்டம் வைக்க லட்சக்கணக்கில் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், குறிப்பாக நம் குமரி மாவட்டத்துக்காரர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பணம் போனது ஒரு பக்கம். அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னமும் கை நடுங்குகிறது.

வளைகுடாவில் 14 வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து பார்வதிபுரம் பக்கம் வீடு கட்டினேன். அதில் ஒரு அறை பாட்டு கேட்பதற்கென்றே. கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி.ராமநாதன் பாடும்போது அந்தக் கீழ் ஸ்தாயி நெஞ்சுக்குள் வந்து உட்கார வேண்டும், தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்க வேண்டும் என்பது பல வருஷ ஆசை. நாகர்கோவிலில் ஒரு கடையில் ஸ்பீக்கர் ஜோடி 3,20,000 ரூபாய்க்கும் ஆம்ப்ளிஃபையர் 2,10,000 ரூபாய்க்கும் வாங்கினேன். இந்த இரண்டிலும் குறை சொல்ல மாட்டேன். அசல் பொருள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், எம்.ஆர்.பி. எல்லாம் ஒட்டியிருந்தது, கம்பெனி வாரண்டியும் பதிவாகிவிட்டது. ஏமாந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாட்டிய அன்றைக்கே ஸ்பீக்கரில் ஒரு உறுமல். பாட்டு ஓடும்போது தெரியாது. பாட்டு நின்றதும் 'ம்ம்ம்' என்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கடையிலிருந்து வந்த டெக்னீஷியன் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். "சாரே, உங்க வீட்டுக் கரண்ட் அழுக்கு. பவர் கண்டிஷனர் போட்டா சுத்தமாயிடும்" என்றார். மீட்டர் எடுக்கவில்லை, ஒரு ஒயரைக் கழற்றிப் பார்க்கவில்லை. கண்டிஷனர் 42,000 ரூபாய். போட்டோம். உறுமல் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் வெளிநாட்டு பவர் கேபிள் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டை விரல் தடிமன், மேலே கறுப்பு வலை. 16,500 ரூபாய். நம் ஊர் சாக்கெட்டுக்குத் தோதாக பிளக் டாப் மாட்டித் தருகிறேன் என்று காருக்குப் போய்விட்டு வந்தார். சொருகியதும் உறுமல் நின்றுவிட்டது. நான் அசந்து போனேன். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன், சொந்தக்காரர்களிடமெல்லாம் அந்த கேபிளைப் பற்றிப் பேசினேன்.

நாலு மாதம் கழித்து, ஐப்பசி மழைக்காலம். அம்மா டிவி பக்கத்து ஒயர்களை எல்லாம் உருவிப் போட்டுவிட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். தரையும் அப்போதுதான் துடைத்த ஈரம். "மக்களே, இந்தப் பெட்டியில கை வச்சா சுள்ளுன்னு இழுக்கு" என்று சத்தம் கேட்டு ஓடினேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். முப்பது வருஷமாகக் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிறவர். அவரைத்தான் கூப்பிட்டேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபையரின் பின்பக்க ஸ்க்ரூவிலும் மறு முனையைச் சுவர் சாக்கெட்டின் எர்த் ஓட்டையிலும் வைத்தார். 108 வோல்ட். சுவர் எர்த்தையும் சோதித்தார். அதில் கோளாறு இல்லை. பிறகு மெயினை அணைத்துவிட்டு, அந்த 16,500 ரூபாய் கேபிளின் பிளக் டாப்பைத் திறந்தார். சிவப்பும் கறுப்பும் அதனதன் பின்னில் முறுக்கியிருந்தன. பச்சை ஒயர் பின்னால் மடக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, மூலையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. எர்த் பின் வெறுமனே நின்றது.

"தம்பி, இது தெரியாமச் செஞ்ச வேலை இல்ல. டேப் சுத்தியிருக்கான் பாரு" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலை எந்த வீட்டிலும் நடக்கலாம். ஆம்ப்ளிஃபையருக்கு சுவர் பிளக் வழியாக ஒரு எர்த். கேபிள் டிவி ஒயரின் வெளிப்பின்னல் வழியாக செட்டாப் பாக்ஸ், டிவி, எச்.டி.எம்.ஐ. என்று சுற்றிவந்து இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், அந்த வளையத்தில் கரண்ட் ஓடி உறுமலாகக் கேட்கும். சுவர்ப் பக்கத்து எர்த்தை வெட்டினால் வளையம் அறுந்து சத்தம் நின்றுவிடும். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசிவது, அம்மா டிவி ஒயர்களையும் உருவியதும் மண்ணுக்குப் போக எந்த வழியும் இல்லாமல், உலோகப் பெட்டியே ஏறக்குறைய பாதி வோல்டேஜில் நிற்கும். அது சுள்ளென்று இழுப்பதோடு போய்விடும். உள்ளே ஒரு ஒயர் கழன்று பெட்டியில் பட்டிருந்தால் முழு 230 வோல்ட்டும் அம்மாவின் கையில்.

பச்சை ஒயரை அதன் பின்னில் மாட்டி, எல்லாவற்றையும் பழையபடி இணைத்தார். உறுமல் திரும்பி வந்தது. செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் கையை விட்டு கேபிள் டிவி ஒயரைத் திருகி உருவினார். அறை அமைதியாகிவிட்டது. கண்டிஷனர் தேவையில்லை, பவர் கேபிள் தேவையில்லை. டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் எச்.டி.எம்.ஐ.யை எடுத்துவிட்டு ஆப்டிகல் ஒயர் போட்டோம். அதில் போவது வெளிச்சம் மட்டும்தான், எர்த் கடக்காது. செலவு 450 ரூபாய்.

சந்தேகம் வந்துவிட்டதே, அப்புறம் மற்றதையும் பார்த்தோம். 'ஆக்ஸிஜன் இல்லாத சுத்தச் செம்பு' என்று மீட்டர் 900 ரூபாய்க்கு 12 மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் கொடுத்திருந்தார்கள். அண்ணாச்சி நுனியை உரித்து ஒரே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமன் செம்பு ஒயரை விட ஒன்றரை மடங்குக்கு மேல் ரெசிஸ்டன்ஸ். இத்தனை குறைந்த தூரத்துக்குக் காதில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொன்ன பொருள் அது இல்லை. அதோடு உப்புக்காற்றில் அலுமினிய நுனி சீக்கிரம் பூத்துப்போகும். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரே இதற்குத் தாராளம்.

இன்னொன்று அறை. என் அறை 14-க்கு 14 அடி, சதுரம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) அடிக்கும்போதெல்லாம் அறையே குமுறும். அதற்கென்று சுவரில் பஞ்சு போன்ற ஃபோம் துண்டுகள் ஒட்டி 18,000 ரூபாய் வாங்கினார்கள். போனில் ஏதோ ஆப்பைத் திறந்து இருபது நிமிஷம் பார்த்து, 'காலிபரேஷன்' என்று 15,000. குமுறல் குறையவில்லை. குறையவும் செய்யாது. 14 அடிக்கு வரும் முதல் ஒத்ததிர்வு 40 ஹெர்ட்ஸ், அடுத்தது 80. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கத்து ஒத்ததிர்வும் ஒரே ஹெர்ட்ஸில் கூடுகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அதை ஒரு இஞ்ச் ஃபோம் என்ன செய்யும்? மேல் ஸ்தாயியின் பளபளப்பைத்தான் அது விழுங்கியது.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நண்பர் ஒலியை அளக்கும் யூமிக்-1 மைக் கொண்டுவந்தார். அறையின் ஒலியை அலசிக் காட்டும் ரூம் ஈக்யூ விசார்ட் இலவச மென்பொருள்தான். அளந்து அளந்து ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து எடுத்து, பின்சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் வைத்தோம். சோபாவையும் சுவரை விட்டு முன்னுக்கு இழுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அன்று சாயங்காலம் எம்.டி.ஆர். பாடியபோது குரல் அதன் இடத்தில் நின்றது, ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில் மறுத்தார்கள், பிறகு "உங்க எலக்ட்ரீஷியன் கழட்டியிருப்பான்" என்றார்கள். கூடுதலாக வாங்கிய 1,02,300 ரூபாய்க்கும் என் கையில் இருந்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய ஒரு தாள் மட்டும். நல்லவேளை, பணம் முழுவதையும் பேங்க் வழியாகக் கொடுத்திருந்தேன். பிளக் டாப்பைத் திறந்தபோது அண்ணாச்சி வீடியோ எடுக்கச் சொன்னதும் உதவியது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்து, வக்கீல் நோட்டீஸும் அனுப்பிவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் தராத இடத்தில் ஒரு ரூபாய்க்கும் பொருள் வாங்காதீர்கள். கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இப்போது போட்டுவிட்டேன்; கட்டும்போதே போட்டிருக்க வேண்டும்.

யாராவது உங்களுக்கும் உறுமலை நிறுத்தும் பவர் கேபிள் என்று விற்றிருந்தால், இன்றைக்கே மெயினை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, பிளக் டாப்பைத் திறந்து பாருங்கள். பெரிய எர்த் பின்னில் பச்சை ஒயர் இறுக்கமாக முறுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், எலக்ட்ரீஷியன் வந்து அதைச் சரிசெய்யும் வரை அந்தப் பெட்டியில் வீட்டில் யாரும் கை வைக்க விடாதீர்கள்.