காலனி கால அமெரிக்கக் கல்யாணம்: மாசசூசெட்ஸா, வர்ஜீனியாவா?

17ஆம் நூற்றாண்டுல ரெண்டு இடத்துலயும் போய் குடியேறினது இங்கிலாந்துக்காரங்கதான், ஆனா கல்யாண விஷயத்துல ஏணி வச்சாலும் எட்டாது.

மாசசூசெட்ஸ்ல இருந்த பியூரிட்டன்களுக்கு (இங்கிலாந்து சர்ச்ச இன்னும் சுத்தப்படுத்தணும்னு நினைச்ச கிறிஸ்தவங்க) கல்யாணம்ங்கறது ஒப்பந்தம், பாதிரியாரே தேவையில்ல, மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சம்மதம் சொன்னா முடிஞ்சது, மோதிரம்கூட வேண்டாம்னுட்டாங்க. பக்கத்துல பிளைமவுத் காலனில 1621ல நடந்த முதல் கல்யாணமே இப்படித்தான். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா, ஒப்பந்தத்த மீறினா ரத்து பண்ணலாம், அதனால புருஷன் விட்டுட்டு ஓடிட்டான்னா அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து கேக்க முடிஞ்சது.

வர்ஜீனியால இங்கிலாந்து சர்ச் முறை, பாதிரியார் உண்டு, மோதிரம் உண்டு, விவாகரத்து மட்டும் கிடையாது. அங்க ஆம்பளைங்கதான் அதிகம், அதனால 1621ல, அந்தக் காலனிய நடத்தின வர்ஜீனியா கம்பெனியே கப்பல்ல பெண்களை அனுப்பி, கட்டிக்கிறவன் வழிச்செலவுக்கு 120லேருந்து 150 பவுண்டு எடை வரைக்கும் புகையிலை கட்டணும்னு வச்சுது. கப்பல் செலவுக்குப் பதிலா சில வருஷம் உழைக்கறேன்னு ஒப்பந்த வேலைக்காரியா போன பொண்ணுக்கோ எஜமான் சம்மதிக்காம கல்யாணமே இல்ல, பாவம். அடிமைகளோட கல்யாணத்த சட்டம் ஏத்துக்கவே இல்ல, அதுதான் இருக்கறதுலயே பெரிய கொடுமை.

வர்ஜீனியால மலேரியா மாதிரி காய்ச்சல்ல புருஷனோ பொண்டாட்டியோ சீக்கிரமே போயிடுவாங்க, மறுகல்யாணம் சகஜம். பாதுகாப்புன்னு பாத்தா என் ஓட்டு மாசசூசெட்ஸுக்குத்தான், ஆனா கையில சொத்து வச்சிருந்த விதவைக்கு வர்ஜீனியால நல்ல மதிப்பு இருந்துச்சு.