ஆசிரியருக்குக் கணினி கைவர எது உதவும்? முகாம், இணைய வகுப்பு, வழிகாட்டி, சக ஆசிரியர் குழு: ஓர் ஒப்பீடு

பள்ளிக்குக் கணினிகளும் புரொஜெக்டரும் வந்து இறங்கியதும், ஆசிரியர்களை யார் பழக்குவது என்ற கேள்வி எழும். பொதுவாக நான்கு பதில்கள் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்தலாம். அவரவர் வசதிப்படி படித்துக்கொள்ள இணைய வகுப்பு கொடுக்கலாம். வகுப்புக்கே வந்து கூட நிற்கும் வழிகாட்டி ஒருவரை அமர்த்தலாம். இல்லையென்றால் ஒரே பள்ளி ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து தங்களுக்குள் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கித் தரலாம்.

செலவையும் தலைக்கணக்கையும் மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் சுலபமாக ஜெயித்துவிடும். ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி தந்ததாக அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் நான்கையும் ஒரு பாடவேளைக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. அதனால் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டே பேசலாம்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற பாடம். ஆசிரியர் ஜியோஜிப்ராவைத் திறக்கிறார். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் முதுகலை ஆய்வாகத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் கண்முன்னே மாறுகின்றன. எப்படி இழுத்தாலும் கூடுதல் மாறாது என்று ஆசிரியர் சொல்லும்போது, மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி நோட்டில் கூட்டிப் பார்க்கிறாள். திரையில் இருப்பவை 45.33, 67.33, 67.33. "சார், 179.99தான் வருது."

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. உண்மையான கோணங்கள் 45.334, 67.334, 67.332 என்று இருந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கும்போது நூறில் ஒரு பங்கு நழுவிவிடுகிறது. ஆசிரியருக்கு இந்த இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டும், நீ 180ன்னு எழுதிக்கோ" என்று சொல்லிக் கடந்துபோகலாம். அல்லது, அளந்து பார்ப்பதும் நிரூபிப்பதும் ஏன் ஒன்றாகாது என்ற பேச்சை அங்கேயே தொடங்கலாம். அந்தப் பாடத்தில் கணினி தரக்கூடிய மிகப் பெரிய பயனே அந்த 179.99தான் என்பேன். கரும்பலகையில் வரைந்த முக்கோணம் இப்படி ஒரு சிக்கலைத் தானாகக் கொண்டுவந்து தராது.

அந்த அரை நிமிடத்துக்கு ஆசிரியரைத் தயார்ப்படுத்துவது நான்கில் எது?

முகாம்

முகாமை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கணினியைத் தொடவே தயங்குபவருக்கு அந்தக் கூச்சம் போக, தன்னைப் போலவே தடுமாறும் பத்துப் பேரோடு உட்காருவதைவிட நல்ல மருந்து கிடையாது. மென்பொருளை நிறுவுவது, கணக்குத் தொடங்குவது, கோப்பை எங்கே சேமிப்பது போன்றவற்றைக் கூட்டமாக முடித்துவிடுவதே சிக்கனம். தமிழில் பாடம் தயாரிப்பவர்களுக்கு எழுத்துருச் சிக்கல் தனி. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத வகுப்பறைக் கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். எல்லோருடைய பழைய கோப்புகளையும் எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பதற்கென்றே ஒரு பிற்பகலை ஒதுக்கினால், அந்த முகாம் பயனுள்ள முகாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். முகாமில் பிள்ளைகள் இல்லை. கருத்தாளர் தான் பலமுறை ஓட்டிப் பார்த்த கோப்பைத் தன் சொந்த மடிக்கணினியில் காட்டுகிறார். 179.99 என்று யாரும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும், "நல்ல கேள்வி, தேநீர் இடைவேளையில் பேசுவோம்" என்பதோடு போய்விடும். 1980இலேயே புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆசிரியர் பயிற்சியின் கூறுகளைப் பிரித்து வைத்தார்கள்: கருத்தை விளக்குவது, செய்து காட்டுவது, செய்யவைப்பது, செய்ததைப் பற்றிக் கருத்துச் சொல்வது, கடைசியாக ஆசிரியரின் வகுப்பிலேயே உடன் நின்று துணைசெய்வது. பெரும்பாலான முகாம்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது கொஞ்சம் நடக்கும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாதிப் பேர் கிளம்பிய பிறகு.

இணைய வகுப்பு

இதன் பெரிய வசதி, நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். முகாமில் கை தூக்கி "இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்படுபவர், வீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வகுப்பில் கணினியைப் பயன்படுத்தி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு இதைப்போல உதவுவது வேறொன்றில்லை. கேள்வி தெளிவாக இருந்தால் பதில் ஐந்து நிமிடக் காணொளியில் கிடைத்துவிடும்.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு அந்தக் கேள்வியே இன்னும் உருவாகியிருக்காது. அவர் முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்கி, நடுவழியில் நின்றுபோவார். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்த இணைய வகுப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் படித்து முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். இது ஆசிரியர் பயிற்சி பற்றிய கணக்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா எட்டிப் பார்க்கச் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். பணம் கட்டிச் சான்றிதழுக்காகப் படித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடித்தார்கள்.

அப்படியானால் ஆசிரியர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். கட்டாயமாக்கினால் முடிப்பவர்கள் எண்ணிக்கை கூடும், சந்தேகமில்லை. காணொளி ஒரு பக்கம் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் காட்சியும் கூடும். வேலை மிகுந்த மனிதர் ஒருவரிடம் இன்னொரு வேலையைத் தள்ளினால் அவர் எப்படியாவது அதை முடித்துக் கொடுத்துவிடுவார். முடித்தது பாடத்துக்குள் வருமா என்பது வேறு விஷயம்.

வழிகாட்டி

இதற்குத்தான் ஆய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. மாத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் மூவரும் வகுப்பறை வழிகாட்டல் பற்றிய 60 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018இல் வெளியிட்டார்கள். கற்பிக்கும் முறையில் ஏற்பட்ட முன்னேற்றம் 0.49 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு), மாணவர் தேர்ச்சியில் 0.18. கல்வித்துறையில் இவை சாதாரண எண்கள் கிடையாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைகிறது. நூறு ஆசிரியருக்கு நல்ல வழிகாட்டிகள் கிடைப்பார்கள், பத்தாயிரம் ஆசிரியருக்கு எங்கே போய்த் தேடுவது?

179.99 வகுப்புக்குத் திரும்புவோம். கடைசி பெஞ்சில் ஒரு வழிகாட்டி உட்கார்ந்திருக்கிறார். மாணவி கேட்டதையும், ஆசிரியர் முகம் மாறியதையும், உடனே அடுத்த படத்துக்குத் தாவியதையும் அவர் பார்க்கிறார். மணி அடித்த பிறகு இருவரும் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் பேசலாம். அடுத்த பிரிவுக்கு அதே பாடம் வரும்போது, ஆசிரியரே வேண்டுமென்றே 179.99 வரும் முக்கோணத்தைத் திரையில் வைத்து, "கூட்டிப் பாருங்க" என்று தொடங்கலாம்.

இதற்கு வழிகாட்டி யார் என்பது முக்கியம். கணினி மட்டும் தெரிந்தவர் என்றால், "தசம இடத்தை எடுத்துவிடுங்க சார், பிரச்சினை தீர்ந்தது" என்பார். எடுத்துவிட்டால் திரையில் 45, 67, 67 என்று வரும். கூட்டினால் 179. பிரச்சினை நூறு மடங்கு பெரிதாகிவிட்டது! கணிதம் தெரிந்து, பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்பதும் தெரிந்து, மென்பொருளும் தெரிந்தவர்தான் இங்கே உதவ முடியும். புன்யா மிஸ்ரா, மாத்யூ கோலர் இருவரும் 2006இல் முன்வைத்த 'டிபேக்' என்ற சட்டகம் இதைத்தான் சொல்கிறது: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றையும் தனித்தனியாக ஊட்டினால் போதாது, மூன்றும் ஒன்றை ஒன்று தொடும் இடத்தில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வழிகாட்டியே மதிப்பீட்டு அறிக்கையும் எழுதுபவராக இருந்தால் காரியம் கெட்டது. அவர் வரும் நாளில் மட்டும் அழகான பாடம் நடக்கும், மற்ற நாளெல்லாம் கணினிக்கு உறைபோட்டு மூடி வைத்திருப்பார்கள். அடுத்தது, மௌஸ். தடுமாறும் ஆசிரியரின் கையிலிருந்து மௌஸை வாங்கித் தானே செய்து முடிக்கிற வழிகாட்டி, உதவி செய்வதாகத்தான் நினைப்பார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நடந்தால், அந்த ஆசிரியர் மறுபடி கணினிப் பக்கம் வர மாதங்கள் ஆகலாம்.

சக ஆசிரியர் குழு

ஜப்பானியப் பள்ளிகளில் நீண்ட காலமாக நடந்துவரும் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு, இதற்கு நல்ல முன்மாதிரி. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் இருந்து மாணவர்களைக் கவனிக்கிறார்கள். பிறகு கூடிப் பேசித் திருத்துகிறார்கள். கவனிப்பது மாணவர்களை என்பதால், நடத்துபவருக்குத் தன்னைச் சோதிக்கிறார்கள் என்ற உறுத்தல் குறைகிறது.

வெளியாள் தேவையில்லை, திட்ட நிதி தீர்ந்ததும் நின்றுபோகாது, பள்ளியின் பிள்ளைகளைத் தெரிந்தவர்களே பேசுகிறார்கள். குறை என்னவென்றால் எல்லோருக்கும் தெரியாத ஒன்று எல்லோருக்கும் தெரியாமலே இருந்துவிடும். தசமச் சிக்கலுக்கு விளக்கம் தெரிந்தவர் குழுவில் ஒருவரும் இல்லையென்றால், "மென்பொருள் சரியில்லை" என்று ஒருமனதாக முடிவெடுத்துக் கலைந்துவிடவும் வாய்ப்புண்டு. அப்புறம், பள்ளியில் கணினி தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவர் எப்போதும் இருப்பார். குழு என்ற பெயரில் எல்லா வேலையும் அவர் தலையில் விழும். பிரிண்டர் ஓடவில்லையா, பாஸ்வேர்டு மறந்துபோச்சா, அவரைக் கூப்பிடு! வாரத்தில் ஒரு பாடவேளையாவது அவருக்கும் குழுவுக்கும் விடுவித்துக் கொடுக்காத பள்ளியில் இந்த வழி சில வாரங்களில் ஓய்ந்துவிடும். காசு செலவில்லை என்று சொல்லப்படும் வழிக்கு நேரம்தான் செலவு. அதைக் கொடுக்கத்தான் பள்ளிகளுக்கு மனம் வருவதில்லை.

எதற்கு எவ்வளவு?

கருவிக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு ஆசிரியரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று 2005இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் அந்த நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் மாணவர் தேர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மற்றொரு பக்கம், 1985 முதல் பத்து ஆண்டு ஆப்பிள் நிறுவனம் நடத்திய வகுப்பறைத் திட்டத்தில், கருவிகள் தாராளமாக இருந்தும் ஆசிரியர்கள் படிப்படியாகத்தான் மாறினார்கள். முதலில் பழைய பாடத்தையே திரைக்கு மாற்றுவார்கள், வெகுகாலம் கழித்தே பாடத்தின் வடிவம் மாறும். முகாம் முடிந்த மறுமாதம் புதுமை எங்கே என்று கேட்கும் அதிகாரிகள் இந்த வேகத்தை மனதில் வைக்க வேண்டும்.

பணம் இருந்தால் என் ஓட்டு வழிகாட்டிக்கே. பாடம் தெரிந்த ஒருவர், ஒரு சில பள்ளிகளுக்கு மட்டும், குறைந்தது ஓர் ஆண்டு. அந்த ஆண்டு முழுக்க அவர் வேலை, தான் போன பிறகும் ஓடக்கூடிய குழு ஒன்றைப் பள்ளிக்குள் உண்டாக்குவது. பணம் இல்லையென்றால் முகாமை ஒரே நாளாகச் சுருக்கி, நிறுவல், எழுத்துரு மாதிரியான வேலைகளோடு முடித்து, மிச்சமாகும் நாட்களை இருவர் இருவராக ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்காரக் கொடுக்கலாம். இணைய வகுப்பைக் கட்டாயப் பாடமாக வைக்காமல், தேவைப்படும்போது புரட்டும் அகராதி மாதிரி கையெட்டும் தூரத்தில் வைத்தால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நாற்பது நிமிடப் பாடவேளையில் புரொஜெக்டரை இணைக்கவே பத்து நிமிடம் போனால், எந்த வழியில் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இரண்டாவது வாரம் சாக்பீஸைத்தான் எடுப்பார். அவர் செய்வது சரியும்கூட. கேபிளை மாட்டி, திரை வருகிறதா என்று மணி அடிக்கும் முன் பார்த்துவைக்க ஓர் உதவியாளரோ, பொறுப்பு எடுத்துக்கொண்ட இரண்டு மாணவர்களோ இருந்தாலே பாதித் தூரம் கடந்த மாதிரி.

பலன் தெரிகிறதா என்று பார்க்கச் சான்றிதழ்களை எண்ணுவது வீண். தலைமை ஆசிரியர் இரண்டே கேள்விகள் கேட்கலாம். போன மாதம் கணினியோடு நடத்திய எந்தப் பாடத்தை இரண்டாவது முறை மாற்றி நடத்தினீர்கள்? எந்தப் பாடத்துக்குக் கணினி வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள், ஏன்? இரண்டாவது கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்லும் ஆசிரியருக்கு இனிமேல் முகாம் தேவையில்லை. அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.